ஒன்றுபோலத் தெரியும் காட்டுத் தேனீக்களை அளவும் நிறமும் வைத்துப் பிரிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரே செடியின் பூக்களில் ஐம்பது காட்டுத் தேனீக்களைச் சேகரித்திருக்கிறார் ஒருவர். சில சற்றுப் பெரியவை, வயிறு முழுக்கக் கறுப்பு. சில சிறியவை, வயிற்றின் முன்பகுதி சிவப்பு. இவை இரண்டு இனங்களா, ஒரே இனமா? உடல் நீளத்தையும் நிறத்தையும் வைத்துச் சொல்லிவிட முடியுமா? முடியாதென்றால் வேறு எதை அளக்க வேண்டும்?

உடல் நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. வயிற்றின் நிறத்தை மட்டும் வைத்துச் சொன்னாலும் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். உறுப்புகளுக்கு இடையே உள்ள விகிதங்களை அளந்து, உடலின் எந்த இடத்து முடி என்ன நிறம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பல இனங்களைப் பிரித்துவிடலாம். சில இனக் கூட்டங்களில் அதுவும் போதாது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் அளக்க ஆரம்பித்தால் எண்கள் குவியுமே தவிர விடை வராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆண்களையும் பெண்களையும் பிரித்து வையுங்கள். இதை விட்டுவிட்டு அளந்து, ஆணை ஓர் இனமாகவும் பெண்ணை இன்னோர் இனமாகவும் நினைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. வயிற்றின் மேல்பக்கத் தகடுகள் வெளியே தெரிவது பெண்ணில் 6, ஆணில் 7. விதிவிலக்கு உண்டு, ஆனால் மிகக் குறைவு. இந்தப் பிரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தோபோரா புளூமிபெஸ் என்ற தேனீ நல்ல உதாரணம். பிரிட்டனில் வசந்தத்தின் தொடக்கத்தில் பறப்பது. பெண் கரிக்கறுப்பு, பின்னங்கால் முடி மட்டும் ஆரஞ்சு. ஆண் பழுப்பு, நடுக்காலில் நீண்ட முடிக்கற்றை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று யாருமே சொல்ல மாட்டார்கள்.

இப்போது உடல் நீளத்துக்கு வருகிறேன். தேனீயின் வயிறு ஒன்றுக்குள் ஒன்று செருகிய வளையங்களால் ஆனது. தேன் குடித்து வயிறு நிறைந்திருந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும், ஊசி குத்தி வைக்கும்போது வளையும். ஒரே தேனீயை உயிரோடும் காய்ந்த பிறகும் அளந்தால் இரண்டு எண் கிடைக்கும். கையேடுகளில் "8 முதல் 10 மி.மீ." என்று எழுதியிருப்பது கண்ணால் தேடுவதற்கான குறிப்பு. அதை வைத்து இனத்தை முடிவு செய்யச் சொல்லி யாரும் எழுதவில்லை.

உடலின் பருமனுக்கு ஓர் எண் வேண்டுமென்றால் மார்பை அளக்க வேண்டும். முன்சிறகு மார்போடு சேரும் இடத்தில், மூட்டை மூடினாற்போல் ஒரு சின்னத் தகடு இருக்கும். இடது தகட்டின் உள்விளிம்பிலிருந்து வலது தகட்டின் உள்விளிம்பு வரை மார்பின் மேலே உள்ள தூரம்தான் தேனீ ஆய்வில் மிக அதிகமாகப் பயன்படும் அளவு. தோள் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். மார்புக்கூடு இறுகிய பெட்டி, காய்ந்தாலும் மாறாது. இந்த ஒரே அளவிலிருந்து தேனீயின் உலர் எடையை நன்றாகக் கணிக்க முடியும் என்று ஜேம்ஸ் கேன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987-ல் காட்டினார். அதன் பிறகு ஒரு தேனீ கூட்டிலிருந்து எவ்வளவு தூரம் பறந்து போகும் என்பதைக்கூட இதிலிருந்து மதிப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆனால் தோள் அகலமும் தனியாக இனத்தைச் சொல்லாது. காரணம் சாப்பாடு. தனித்து வாழும் தேனீயில், தாய் ஒவ்வோர் அறையிலும் ஒரு மகரந்த உருண்டையை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை மூடிவிட்டுப் போகிறது. புழுவுக்கு வாழ்நாள் உணவு அந்த ஒரு உருண்டைதான். பூ குறைந்த வாரத்தில் சேர்த்த உருண்டை சின்னது, அதில் வளரும் தேனீயும் சின்னது. முதிர்ந்த பிறகு தேனீ வளராது, ஆகையால் அந்தக் குறை வாழ்நாள் முழுக்க உடலில் நிற்கும். பம்பிள் தேனீக்களில், அதாவது குளிர்ப் பகுதிகளில் கூட்டமாக வாழும் பருத்த, அடர்முடித் தேனீக்களில், இது இன்னும் தீவிரம். ஒரே ராணிக்குப் பிறந்த வேலைக்காரத் தேனீக்கள், ஒரே கூட்டில், ஒரே கோடையில், எடையில் பத்து மடங்கு வரை வேறுபடும். கூட்டின் ஓரத்தில் வளர்ந்த குட்டியையும் நடுவில் ஊட்டம் பெற்று வளர்ந்த பெரியதையும் எடுத்து வைத்து "இரண்டு இனம்" என்று நானே ஆரம்ப நாட்களில் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தக் கூட்டைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்திருக்காவிட்டால் இன்றுவரை அப்படியே நம்பியிருப்பேன்.

அதனால்தான் விகிதங்கள். தேனீ சிறுத்தால் தலை, கால், சிறகு எல்லாம் சேர்ந்தே சிறுக்கும். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் சாப்பாட்டின் பங்கு பெருமளவு கழிந்துவிடும். மிஞ்சுவது அந்த உடலின் வடிவம், அது பெரும்பாலும் பரம்பரையில் வருவது.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஐரோப்பாவின் இரண்டு பம்பிள் தேனீக்கள்: பாம்பஸ் ஹார்ட்டோரம், பாம்பஸ் ஜோனெல்லஸ். இரண்டுக்கும் மார்பின் முன்னால் ஒரு மஞ்சள் பட்டை, மார்பின் பின்னால் ஒன்று, வயிற்றின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் வெள்ளை வால். நிறத்தை மட்டும் பார்த்தால் அச்சில் வார்த்தது போல இருக்கும். தலையை நேராக முன்னாலிருந்து பாருங்கள். கூட்டுக்கண்ணின் கீழ் விளிம்புக்கும் தாடை பொருந்தும் இடத்துக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டு, அதைக் கன்னம் என்று சொல்வோம். ஹார்ட்டோரத்தில் இந்தக் கன்னத்தின் நீளம் அகலத்தைவிடத் தெளிவாக அதிகம், முகமே குதிரை முகம் போல நீண்டிருக்கும். ஜோனெல்லஸுக்கு முகம் குட்டை, வட்டம். அளவுகோல்கூட வேண்டாம், பழகிய கண்ணுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். கூடவே ஒரு நிறக் குறிப்பும் இருக்கிறது: பின்னங்காலின் மகரந்தக் கூடையைச் சுற்றியுள்ள முடி ஹார்ட்டோரத்தில் கறுப்பு, ஜோனெல்லஸில் வெளிர் நிறம்.

முகம் ஏன் நீண்டது? ஹார்ட்டோரத்தின் நாக்கு மிக நீளம். ஆழமான குழல் பூக்களில் தேன் எடுக்கும் தேனீ அது. மடித்து வைக்கும் நாக்குக்கு இடம் தரத் தலையும் நீள வேண்டியிருக்கிறது. இப்படி ஓர் அளவுக்குப் பின்னால் வாழ்க்கைக் காரணம் இருந்தால் அந்த அளவை நம்பலாம் என்பது என் அனுபவம். நிறம் ஏன் ஒத்துப்போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. கொட்டும் பூச்சிகள் ஒரே எச்சரிக்கை நிறத்தை அணிந்தால், ஒரு தடவை கொட்டு வாங்கிய பறவை அந்த நிறத்தில் உள்ள எல்லாவற்றையும் விட்டு விலகும். கற்றுக்கொடுக்கும் செலவை எல்லா இனமும் பகிர்ந்துகொள்கின்றன. ஃபிரிட்ஸ் முல்லர் 19-ஆம் நூற்றாண்டில் வண்ணத்துப்பூச்சிகளில் விளக்கிய இதே விதி பம்பிள் தேனீக்களிலும் நடக்கிறது. ஆகவே ஒரு பகுதியில் உள்ள உறவில்லாத இனங்கள்கூட ஒரே உடையில் திரியும். அங்கே நிறத்தை நம்பி இனம் பிரிப்பவரைத் தேனீயின் உடை ஏமாற்றிவிடும்.

கொம்புத் தேனீக்களின் கதையும் இதே பாடத்தை வேறு வழியில் சொல்கிறது. கிளையில் ஒற்றை அடை கட்டும் சின்னத் தேனீயில் இரண்டு இனங்கள்: ஆப்பிஸ் புளோரியா, ஆப்பிஸ் ஆண்டிரெனிபார்மிஸ். இரண்டாவதற்கு 1858-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் வெகுகாலம் அதைப் புளோரியாவின் கறுத்த வகையாகத்தான் நினைத்திருந்தார்கள், 1980-களில்தான் தனி இனம் என்பது உறுதியானது. பொதுவாகப் புளோரியாவின் வயிற்றின் முன்பகுதி செம்பழுப்பு, ஆண்டிரெனிபார்மிஸ் கறுப்பு. ஆனால் வயிற்று நிறம் இரண்டிலும் கொஞ்சம் அலைபாயும். நிலையாக நிற்பது பின்னங்காலின் முடி: புளோரியாவில் வெள்ளை, ஆண்டிரெனிபார்மிஸில் கறுப்பு. இப்படி எந்த இடத்து நிறம் நிலையானது, எது அலைபாய்வது என்று தெரிந்துகொள்வதுதான் நிறம் பார்ப்பதன் சூட்சுமம்.

அளவில் இவற்றைப் பிரிப்பது சிறகு நரம்பு. முன்சிறகின் நடுவே உள்ள ஓர் அறையின் கீழ் விளிம்பில் ஒரு குறுக்கு நரம்பு வந்து முட்டி, அந்த விளிம்பை நீளமான துண்டு, குட்டையான துண்டு என்று இரண்டாக வெட்டும். நீளத்தைக் குட்டையால் வகுத்தால் கிடைப்பது கியூபிட்டல் எண். புளோரியாவில் அது ஏறக்குறைய 3, ஆண்டிரெனிபார்மிஸில் 6-ஐ ஒட்டி வரும். இரட்டிப்பு வித்தியாசம்! இனங்களுக்கு நடுவே இவ்வளவு தெளிவான எண் கிடைப்பது அபூர்வம். ஆண் தேனீயின் பின்னங்கால் பாதத்தில் கட்டைவிரல் போல ஒரு கிளை இருக்கும், அது புளோரியாவில் தெளிவாக நீளம். இரண்டும் சேர்ந்து வாழும் இடங்களில் ஆண்கள் கலவிக்குப் பறக்கும் நேரமும் வேறு: ஆண்டிரெனிபார்மிஸ் நண்பகலை ஒட்டி, புளோரியா அதற்குப் பிறகு பிற்பகலில். முடி, நரம்பு, கால், நேரம் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சான்றுகள் ஒரே கோட்டில் பிரிகின்றன. இனம் என்று நம்பிச் சொல்ல எனக்கு இப்படிப்பட்ட ஒற்றுமைதான் வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வகுக்கும் எண் சின்னதாக இருக்கும்போது அளவுப் பிழை பூதாகரமாகும். நீளத் துண்டு 0.60 மி.மீ., குட்டைத் துண்டு 0.10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 6. குட்டைத் துண்டை அளக்கும்போது வெறும் 0.01 மி.மீ. தவறினால் விகிதம் 5.5-க்கு இறங்கும் அல்லது 6.7-க்கு ஏறும். சிறகைக் கழற்றி, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே தட்டையாக வைத்து, பெரிதாக்கிப் படமெடுத்து அளந்தால் மட்டுமே இந்த எண்ணை நம்புங்கள். தேனீ வளர்ப்பில் துணையினங்களைப் பிரிக்க இந்த எண்ணைத்தான் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். இப்போது அதோடு நிற்காமல், முன்சிறகில் நரம்புகள் சந்திக்கும் 19 புள்ளிகளைக் குறித்து மொத்த வடிவத்தையும் கணினியில் ஒப்பிடுகிறார்கள். ஒரு தனி விகிதத்தைவிட அது எவ்வளவோ உறுதியானது.

மலைத்தேனீ விஷயத்தில் நிறம் இன்னொரு விதமாக ஏமாற்றும். இமயத்தின் பாறைகளில் அடை கட்டும் ஆப்பிஸ் லேபரியோசா பெரியது. வயிறு கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டைகள், மார்பில் நீண்ட பொன்பழுப்பு முடி. சாதாரண மலைத்தேனீயான ஆப்பிஸ் டோர்சாட்டாவுக்கு வயிற்றின் முன்பகுதி ஆரஞ்சு. அப்படியென்றால் கறுத்த வயிறு என்றால் லேபரியோசாவா? இல்லை. பிலிப்பைன்ஸிலும் சுலவேசியிலும் உள்ள டோர்சாட்டா வகைகளின் வயிறும் கறுப்புதான். அந்தத் தீவுத் தேனீக்களுக்கும் இமயத் தேனீக்கும் பொதுவான அந்தக் கறுப்பு நெருங்கிய உறவைக் காட்டுவதாகாது. அங்கே நம்ப வேண்டியது மார்பின் முடியும் அதன் நீளமும்தான். லேபரியோசா குளிரில் வாழ்வதால் கறுத்துப்போன டோர்சாட்டா என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே இடத்தில் கலக்காமல் வாழ்வதை இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் பார்த்த பிறகு அந்த வாதம் வலுவிழந்தது. ஒரே குளிரில் இருந்தும் இரண்டு வடிவங்களும் இரண்டாகவே இருக்கின்றன என்றால் குளிர் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

குளிர் நிறத்தை மாற்றவே மாற்றாது என்று இதற்கு அர்த்தமில்லை. கூட்டுப்புழுப் பருவத்தில் வெப்பம் குறைந்தால் பல தேனீக்கள் கறுத்துப் பிறக்கும். ஒரே கூட்டில் குளிர் மாதங்களில் வருபவை கறுப்பாகவும் வெயில் மாதங்களில் வருபவை மஞ்சளாகவும் இருக்கலாம்.

நிறம் மாறும் மற்ற வழிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில், எதனுடைய நிறத்தைப் பார்க்கிறீர்கள் என்று பிரித்தறிய வேண்டும். புறத்தோட்டின் நிறம் வேறு, அதன்மேல் உள்ள முடியின் நிறம் வேறு. கறுத்த தோட்டின்மேல் வெள்ளை முடிப்பட்டை உள்ள தேனீ வயதாகி முடி உதிர்ந்தால் வெறும் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டுப் பட்டு ஆரஞ்சு முடி வெளிறி வைக்கோல் நிறமாகும். நீலப் பட்டைத் தேனீயான அமெஜில்லாவின் பட்டை புதிதில் பளிச்சென்று இருந்து, நாளாக மங்கும். எது புதிய தேனீ, எது கிழடு என்று அறிய முன்சிறகின் வெளி ஓரத்தைப் பாருங்கள். கிழிந்து பல்பல்லாக இருந்தால், மார்பு முடி சொட்டையாக இருந்தால், அந்தத் தேனீயின் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதவே எழுதாதீர்கள். அப்போதுதான் வெளிவந்த தேனீயும் சிக்கல்தான், தோடு முழுக்கக் கறுப்பதற்கு முன்னால் பழுப்பாகத் தெரியும். பச்சை, நீல மினுமினுப்பு தோட்டின் நுண்ணடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவது, ஆகவே பார்க்கும் கோணத்துக்கும் விளக்குக்கும் ஏற்ப மாறும். எல்லா மாதிரிகளையும் ஒரே விளக்கின்கீழ் ஒரே சாய்வில் வைத்துப் பார்ப்பது அவசியம். அந்தக் காலத்தில் சயனைடு போட்டுக் கொன்ற பூச்சிகளில் மஞ்சள் பட்டை சிவந்துபோவதும் உண்டு. பழைய சேகரிப்புகளோடு ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

ஒட்டுண்ணி செய்யும் வேலை இதையெல்லாம் மிஞ்சும். ஆண்ட்ரெனா என்ற மண்துளைத் தேனீக்களின் வயிற்று வளையங்களுக்கு நடுவே ஸ்டைலாப்ஸ் என்ற பூச்சி புகுந்து வாழும். புகுந்த தேனீயின் ஆண்-பெண் அடையாளங்கள் குழம்பிப்போகும். பெண்ணின் கால் மகரந்த முடிகள் குறையும். ஆணுக்கு முகத்தட்டு மஞ்சளாக உள்ள இனங்களில் பெண்ணுக்கும் மஞ்சள் எட்டிப் பார்க்கும், ஆணுக்கு அது குறையும். உடல் விகிதங்களும் மாறும். இப்படிப்பட்ட நோயுற்ற தேனீக்களை வைத்துப் புதிய இனம் என்று பெயர் சூட்டிய சம்பவங்கள் வரலாற்றில் உண்டு. வயிற்றுத் தகடுகளின் ஓரத்தில் பழுப்பு நிற மொட்டு போல ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் அந்த மாதிரியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வியில் வரும் சிவப்பு வயிறு, கறுப்பு வயிறு பிரச்சினைக்கு நேரடியாகப் பொருந்தும் தேனீ ஒன்று இருக்கிறது: ஆண்ட்ரெனா ஹாட்டோர்ஃபியானா. ஐரோப்பாவில் ஸ்கேபியஸ் பூக்களின் மகரந்தத்தை நம்பி வாழ்வது. இதன் பெண்களில் வயிற்றின் முன் வளையங்கள் சிவப்பாக உள்ளவையும் உண்டு, முழுக்கக் கறுப்பானவையும் உண்டு, இரண்டும் ஒரே இனம். இன்னொரு பக்கம், ஸ்பெகோடெஸ் என்ற திருட்டுத் தேனீக்களில் சிவப்பு வயிறு ஏறக்குறைய எல்லா இனத்துக்கும் பொது. அவை அடுத்தவர் கூட்டில் சேர்த்த உணவைத் தின்று வளர்வதால், எந்தக் கூடு கிடைத்ததோ அதற்கேற்ப உடல் பெரிதும் சிறிதுமாகும். ஓரிடத்தில் சிவப்பு ஒரே இனத்துக்குள் வந்துபோகும், இன்னோரிடத்தில் பல இனங்களை ஒன்றாகக் காட்டும்.

வட அமெரிக்காவின் பாம்பஸ் பைஃபேரியஸ் கதையும் இப்படித்தான். வயிற்றில் சிவப்புப் பட்டை உள்ளதும் கறுப்புப் பட்டை உள்ளதுமாக ஓர் இனம் என்று நினைத்திருந்தார்கள். 2020-ல் மரபணுக்களை ஆராய்ந்தபோது உண்மையிலேயே இரண்டு இனங்கள் இருந்தன. ஆனால் பிளவு நிறத்தின் கோட்டில் விழவில்லை. பைஃபேரியஸ் சிவப்பு. மற்றொன்றான பாம்பஸ் வான்கூவரென்சிஸில் சிவப்பும் இருந்தது, கறுப்பும் இருந்தது.

எந்த அளவுகளை எடுக்க வேண்டும் என்பது பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியை, பொறுத்தது. பம்பிள் தேனீ என்றால் கன்னம். ஆண்ட்ரெனா என்றால் உணர்கொம்பின் மூன்றாவது கணுவை அடுத்த இரண்டு கணுக்களின் கூட்டு நீளத்தோடு ஒப்பிடுங்கள், கண்ணோரத்தில் வெல்வெட் போல முடி படர்ந்த பள்ளத்தின் அகலத்தையும் பாருங்கள். லேசியோகிளாசம் போன்ற சின்னஞ்சிறு வியர்வைத் தேனீக்களில் தலையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், அதோடு மார்பின் மேலுள்ள குழிப்புள்ளிகள். இரண்டு குழிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குழியின் விட்டத்தால் அளப்பார்கள்: "இடைவெளி அரை விட்டம்", "இரண்டு விட்டம்" என்று. கண்ணுக்கு மந்திரம் போலத் தெரிந்தாலும் பழகினால் அழகான, உறுதியான அடையாளம். முடிப்பட்டை வயிற்று வளையத்தின் எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதும் பேசும். ஹாலிக்டஸில் வளையத்தின் பின்விளிம்பில், லேசியோகிளாசத்தில் முன்பக்க அடியில். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் "கறுப்பில் வெள்ளைக் கோடு" மட்டுமே.

சரி, அளக்கும் முறை. நுண்ணோக்கியின் கண்வில்லையில் உள்ள அளவுகோலை ஒவ்வோர் உருப்பெருக்கத்துக்கும் தனித்தனியாக, தரநிலைக் கண்ணாடி அளவுகோலை வைத்துச் சரிபாருங்கள். அளக்கும் உறுப்பின் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரிய வேண்டும். ஒரு முனை தெளிவாகவும் மறுமுனை மங்கலாகவும் இருந்தால் உறுப்பு சாய்ந்திருக்கிறது என்று பொருள். 20 பாகை சாய்வுக்கே நீளம் 6 விழுக்காடு குறைந்து தெரியும். நெருங்கிய இனங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசமே பல நேரம் அவ்வளவுதான். பூவில் உட்கார்ந்த தேனீயின் புகைப்படத்தில் விகிதம் அளப்பதை நான் ஊக்குவிக்காததற்கு இதுதான் காரணம். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது படத்தில் தெரியாது.

அப்புறம், பலரும் செய்யாத ஆனால் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: பத்துத் தேனீக்களை அளந்து எழுதி மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல், மாதிரிகளின் வரிசையையும் கலைத்துவிட்டு மறுபடி அளங்கள். இரண்டு தடவைக்கும் வரும் வித்தியாசம்தான் உங்கள் கையின் பிழை. நீங்கள் இனங்களுக்கு நடுவே கண்டுபிடித்ததாக நினைக்கும் இடைவெளி அந்தப் பிழையைப் போல மூன்று நான்கு மடங்காவது இல்லையென்றால் அந்த அளவை விட்டுவிடுங்கள். முதல் தடவை இதைச் செய்தபோது, நான் பெருமையோடு வைத்திருந்த ஏழு அளவுகளில் மூன்று என் கையின் நடுக்கத்தைத்தான் அளந்துகொண்டிருந்தன. மீதி நான்கும் இன்றுவரை கைகொடுக்கின்றன.

சராசரி வேறாக இருப்பதும் தனித் தேனீயை அடையாளம் காண முடிவதும் வேறு வேறு விஷயங்கள். இரண்டு இனங்களின் சராசரிகள் ஐயத்துக்கிடமின்றி வேறுபடலாம். ஆனால் தனித்தனித் தேனீக்களின் எண்கள் நடுவில் பாதிக்குப் பாதி கலந்திருக்கும். அப்போது கூட்டமாகச் சொல்லலாம், கையில் உள்ள ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல அளவுகளைச் சேர்த்துக் கணினியில் பிரிப்பதிலும் ஒரு குழி உண்டு. பன்னிரண்டு தேனீக்கள், பத்து அளவுகள் என்று கொடுத்து, "இந்த ஆறும் அந்த ஆறும் வேறு, பிரித்துக் காட்டு" என்றால் நிரல் எதையும் அழகாகப் பிரித்துக் காட்டிவிடும். ஒரே இனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பகுத்துக் கொடுத்தாலும் பிரிக்கும். ஆகவே முதலில் குழுப்பெயர் கொடுக்காமல் எண்களைப் புள்ளிகளாக வரைந்து, தானாக இரண்டு கூட்டம் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு சில தேனீக்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, அவற்றைச் சரியாகச் சொல்கிறதா என்று சோதியுங்கள். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இருபதாவது வேண்டும், அதுவும் வெவ்வேறு கூடுகளிலிருந்து. ஒரே கூட்டின் இருபது பேர் ஒரு குடும்பம்தான்.

அளவு தோற்கும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் வெள்ளை வால் பம்பிள் தேனீக்களான லுகோரம், கிரிப்டாரம், மேக்னஸ் மூன்றின் வேலைக்காரத் தேனீக்களைக் கண்ணாலோ அளவாலோ நம்பிக்கையோடு பிரிக்க முடியாது, மரபணுதான் வழி. ராணிகளில் மார்பின் மஞ்சள் காலர் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது ஓரளவு உதவும். ஆஸ்திரேலியாவின் கொடுக்கில்லாத் தேனீக்களான டெட்ராகோனுலா கார்பொனேரியாவும் ஹாக்கிங்சியும் வேலைக்காரத் தேனீயின் உடலில் ஏறக்குறைய ஒன்றே, ஹாக்கிங்சி ஒரு துளி பெரிது, அவ்வளவுதான். ஆனால் கூட்டைத் திறந்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும்: கார்பொனேரியா முட்டை அறைகளைச் சுருள் படிக்கட்டு போல ஒரே தளமாகச் சுற்றிக் கட்டும், ஹாக்கிங்சி சின்னச் சின்னக் கொத்துகளாகக் கட்டும். கொல்லெட்டெஸ் பேரினத்தின் மூன்று சகோதர இனங்கள் பட்டை போட்ட வயிற்றோடு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஹெதர் புதர்ப் பூக்களை நாடும், ஒன்று கடலோரச் சதுப்பில் ஆஸ்டர் பூக்களை, மூன்றாவது இலையுதிர் காலத்தில் ஐவி கொடிப் பூக்களை. ஐவிப் பூவை நாடும் அந்தத் தேனீ ஐரோப்பாவின் நடுவே, அத்தனை பூச்சியியலாளர்கள் கண்முன்னே பறந்துகொண்டிருந்தும், 1993-ல்தான் கொல்லெட்டெஸ் ஹெடெரே என்று பெயர் பெற்றது. ஆகவே எந்தப் பூ, எந்தத் தேதி, எந்த மண் என்று சீட்டில் எழுதாத மாதிரிக்கு எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் பாதி மதிப்புதான்.

மரபணு முத்திரை பார்க்க இப்போது வசதி இருக்கிறதே, எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கலாம். வழக்கமாகப் பார்க்கும் 658 எழுத்து நீளமுள்ள மரபணுத் துண்டு சில நெருங்கிய இனங்களில் பொதுவாகவே இருக்கிறது. எப்போதோ நடந்த கலப்பின் தடமாக அது இருக்கலாம். இன்னொன்று, பெயர் வைத்த மூல மாதிரி நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஊசி குத்தியது. அதோடு ஒப்பிட உடல்தான் எளிய வழி. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கட்டும்.

அந்த ஐம்பதை நான் எப்படிக் கையாள்வேன் என்றால்: உணர்கொம்பு எண்ணி ஆண் பெண் பிரிப்பேன். சிறகு கிழிந்தவற்றையும் ஒட்டுண்ணி உள்ளவற்றையும் தள்ளி வைப்பேன். வயிற்று நிறத்தை மறந்துவிட்டு, பெண்களில் தோள் அகலம், தலை நீளம், தலை அகலம், கன்னம், உணர்கொம்பின் மூன்றாவது கணு, பின்னங்கால் நீளம் ஆகிய ஆறையும் அளப்பேன். தலை நீளத்தைத் தலை அகலத்தால், மற்றவற்றைத் தோள் அகலத்தால் வகுத்து வரைபடத்தில் போட்ட பிறகுதான் எது சிவப்பு, எது கறுப்பு என்று புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவேன். சிவப்பும் கறுப்பும் ஒரே கூட்டத்தில் கலந்து விழுந்தால் ஒரே இனத்தின் இரண்டு நிறங்கள் என்று தற்காலிகமாக எழுதுவேன். இரண்டு கூட்டமாக விழுந்தால், ஆண்களின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்ப்பேன், ஏனென்றால் நெருங்கிய இனங்களில் முதலில் வேறுபடும் உறுப்புகளில் அது ஒன்று. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஐந்து தேனீக்களின் ஒரு நடுக்காலை மட்டும் கழற்றி மரபணுச் சோதனைக்கு எத்தனாலில் போட்டுவிட்டு, மீதி உடலை அதே எண்ணோடு ஊசியில் வைத்திருப்பேன். அடுத்த வருடம் அதே செடி பூக்கும்போது மறுபடி போய், இந்தத் தடவை அவை எந்த மண்ணில் துளை போடுகின்றன என்று பின்தொடர்ந்து பார்ப்பேன்.